வாய் கட்டிய பெட்டி

மீன் கூடும் இடத்தைக் கண்டுபிடித்தவன் அதை ஊரைக் கூட்டிச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். அதிலும் காத்திவாக்கத்து ஆட்கள் ஒரு படி மேலே. நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் வயர்லெஸ்ஸில் பொது சானல் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். தப்பித் தவறி யாராவது பிடித்து "எங்க கீற?" என்று கேட்டால், வடக்கே இருப்பவன் தெற்கே என்பான். பொய் என்று கேட்டவனுக்கும் தெரியும். ஆனாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். நாளைக்கு அவனும் அதையே சொல்லப்போகிறவன்தானே!

இப்பேர்ப்பட்ட ஜனங்களின் படகில், இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும்? மாட்டியவர்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? அதிலும் அந்தப் பெட்டிக்குள் ஓடும் முக்கியமான நிரலை எழுதியவள் அதே குப்பத்துப் பெண்ணாக இருக்கும்போது?

அவள் பெயர் மோகனப்ரியா. மோகனா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். அப்பா கடலோடி, அண்ணன் வெற்றியும் கடலோடி. இவள் மட்டும் படித்து, ராயபுரத்தில் படகுப் பெட்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "டிரைவர் எழுதுறேன்" என்பாள். அம்மாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் அதை அமுக்க வேண்டும். முன்பெல்லாம் கரையில் உட்கார்ந்துகொண்டே எவனாவது போலியாக ஆபத்துச் செய்தி அனுப்பி விளையாடுவான். அதனால் இந்தப் புதுப் பெட்டியில் ஒரு பாதுகாப்புச் சிப்பை வைத்தார்கள். அந்தச் சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவியால் அது ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முத்திரை போடும். முத்திரை இருந்தால் செய்தி நிஜம், இல்லாவிட்டால் குப்பை. சிப் யாரையும் உள்ளே விடாது. தாலுகா ஆபீசில் அதிகாரி உள்ளே இருக்க, பியூன் மட்டும் மனுவைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவான் இல்லையா, அப்படிப் பெட்டியை நடத்தும் மூளையான கெர்னலுக்கும் சிப்புக்கும் நடுவில் போய் வரும் பியூன்தான் டிரைவர். அந்தப் பியூனை எழுதியவள் மோகனா. எழுதியவளுக்கும் உள்ளே இருக்கும் சாவி தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அதன் பெருமையே.

ஐப்பசி மாதம். மீன்பிடித் துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறையில் புதுப் பெட்டிகளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகனாவும், கரையில் செய்தியை வாங்கும் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் முபாஷிரும் அங்கேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குப் பொறுப்பு ரவிக்குமார் என்ற அதிகாரி. பேச்சில் கண்டிப்பு, ஆனால் சாயா வந்தால் தனக்கு முன் அடுத்தவருக்குக் கொடுக்கிற மனிதர்.

அன்று மத்தியானம் படகுக்காரர் குமாரவேல் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா மோகனா, இந்தப் பொட்டி எங்க போட்டு எங்க கீதுன்னு காட்டிக் குடுக்குதாமே?"

"அதெல்லாம் வெளியில யாருக்கும் தெரியாது மாமா. இந்த ரூம்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

"இந்த ரூம்லதான நான் குந்திகினு கீறேன்!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ரவிக்குமாரும்தான். மோகனாவுக்கும் சிரிப்பு வந்தது. இந்தக் குமாரவேலுக்கும் அவள் வீட்டுக்கும் பல வருஷமாக முகத்தில் முழிக்காத பகை. "எம் பின்னாலயே வந்து எடத்த மோப்பம் புடிக்கப் பாக்குறான்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குமாரவேலும் ஊரெல்லாம் அதையே திருப்பிச் சொன்னார். மோகனாவிடம் மட்டும் அவர் பேச்சை நிறுத்தியதில்லை.

திரையில் காத்திவாக்கத்துப் படகு ஒன்றுகூடத் தெரியவில்லை. காலையில் புள்ளி புள்ளியாகக் கிளம்பிப் போனவை ஒவ்வொன்றாக அணைந்துவிட்டிருந்தன. "மேகமா இருக்கு, அதான் சிக்னல் இல்ல" என்றான் முபாஷிர். மோகனாவும் தலையாட்டினாள். வெளியே வாடைக்காற்று எழும்பி, மழை சடசடவென்று தகரத்தில் அடிக்க ஆரம்பித்திருந்தது.

முத்திரை இல்லாத செய்திகளெல்லாம் முபாஷிரின் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் போய்ச் சேரும். அதை அவன் அவ்வப்போது அழித்துவிடுவான். அன்றும் அழிக்கப் போனவன் கையை நிறுத்தினான்.

"மோகனா, இது உங்க அண்ணன் பெட்டியோட நம்பர்தானே?"

அவள் எட்டிப் பார்த்தாள். ஆபத்து, ஆபத்து, ஆபத்து. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்து குப்பையில் விழுந்திருந்தது. இடம் குறிக்கப்பட்டிருந்தது. முத்திரை இல்லை. முத்திரை ஏன் இல்லை என்று டிரைவர் ஒரு காரணத்தையும் ஒட்டி அனுப்பியிருந்தது: சொல்லாமல் கொள்ளாமல் பலமுறை மின்சாரம் பிடுங்கப்பட்டதால் சிப் பூட்டிக்கொண்டது.

அந்த ஒரு வரியில் மோகனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேகமும் காரணமில்லை, சிக்னலும் காரணமில்லை! நல்ல இடத்துக்குப் போனதும் எல்லாரும் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி வாயைக் கட்டியிருக்கிறார்கள். இடத்தை விட்டு வரும்போதோ, வெற்றியைப் போல ஆபத்து வரும்போதோ மறுபடி சொருகியிருக்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் சிப்பிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். சொல்லாமல் பிடுங்கினால், யாரோ திருடன் உடைக்கப் பார்க்கிறான் என்று அது நினைக்கும். போனில் தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் கழித்து வா என்று பூட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். பிடுங்கப் பிடுங்க, பூட்டிக்கொள்ளும் நேரம் நீண்டுகொண்டே போகும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சிப் செய்தவர்களின் கையேட்டில் இருந்தது. அவளும் ஒரு வரி பிசகாமல் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவள் பிடிவாதம் பிடித்திருந்தாள். முத்திரை கிடைக்காவிட்டால் செய்தியை அனுப்பவே வேண்டாம் என்றார்கள் கம்பெனியில். "இருந்துட்டுப் போகட்டும், காரணத்தோட அனுப்பலாம்" என்று இவள் மல்லுக்கட்டினாள். குப்பைக்குப் போவதை எதற்கு அனுப்ப வேண்டும் என்று அன்று முபாஷிர்கூடக் கிண்டல் செய்தான். இன்றைக்கு அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், எங்க அண்ணன் ஆபத்துல இருக்கான். படகை அனுப்புங்க சார்."

ரவிக்குமார் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "முத்திரை இல்லையேம்மா."

"சிப்பு பூட்டிக்கிச்சு சார். ஒயரைப் பிடுங்கிட்டாங்க."

"முத்திரை இல்லாத அழைப்புக்கு ரோந்துப் படகை அனுப்பாதீங்கன்னு எழுதிக் கொடுத்தது யாரு? உங்க கம்பெனிதானே? போன தடவை ஒரு பொய் அழைப்புக்கு நான்தான் படகை அனுப்பினேன். அது அங்க போன நேரத்துல பழவேற்காடு பக்கம் நிஜமாவே ஒரு படகு கவிழ்ந்துச்சு. அந்த வீட்டு அம்மா என் சட்டையைப் பிடிச்சு அழுதாங்க. இன்னைக்கும் ரோந்துப் படகு அந்தப் பக்கம்தான் காவலுக்கு நிக்குது. இந்தக் காத்துல அங்கயும் ஆளுங்க இருக்காங்க." அவர் குரல் இறங்கியது. "நீங்களே ஒரு முத்திரை போட முடியாதா?"

"முடியாது சார். யாராலயும் முடியக் கூடாதுன்னுதான் செஞ்சோம்."

தான் கட்டிய பூட்டு, அதற்குத் தன்னிடமே சாவி இல்லை. வெற்றியின் போனுக்கு அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. பொது சானலில் ரவிக்குமாரே மூன்று முறை கூப்பிட்டார், கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது.

"அந்த நம்பரையும் ஒரு இடத்தையும் எவன் வேணும்னாலும் அடிச்சு அனுப்பலாம்மா. உங்க அண்ணன்தான் அனுப்பினார்னு நான் எதை வெச்சு நம்புறது? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, உடனே அனுப்புறேன்."

சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் கூடாது.

செய்தியில் இருந்த எண்களைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அப்பா கண்டுபிடித்த பார். கடலுக்கடியில் நீளமாகக் கிடக்கும் பாறைத் திட்டு, சங்கராவும் வஞ்சிரமும் மண்டும் இடம். அவள் கல்லூரியில் படிக்கும்போது அப்பா புதிதாக ஜி.பி.எஸ். வாங்கினார். அதில் அந்த இடத்தை ஏற்றத் தெரியாமல் மகளைக் கூப்பிட்டார். ஏற்றி முடித்ததும் சூடம் கொளுத்தி, "வூட்டத் தாண்டி இது போவக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினாள். அவள் படித்த படிப்பு, அண்ணன் கட்டிய வீடு, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் அந்தப் பாறை போட்ட பிச்சை. இப்போது அந்த அறையில் நாலைந்து படகுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் குமாரவேல்.

செத்துப்போன அப்பாவுக்குச் செய்த சத்தியமா, சாகக் கிடக்கும் அண்ணனா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீங்கள் கேட்கலாம். சூடத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மோகனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், அது எங்க குடும்பத்து எடம். எங்க வீட்டையும், அண்ணன்கூடத் தொழிலுக்குப் போறவரையும் தவிர யாருக்கும் தெரியாது. பொய்யா அனுப்புறவன் கடல்ல எத்தனையோ எடம் இருக்க, அந்த எடத்தை எப்படி சார் போடுவான்? கிழக்கால போய்க்கினே இருந்தா அத்திப்பட்டு புகைபோக்கிங்க ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சு ஒத்தையா தெரியும். அப்பால தெக்கால திரும்பணும். திருவொத்தியூர் கோயில் கோபுரம் துறைமுகத்து பெரிய கிரேனுக்கு வலக்கைப் பக்கம் வர்ற வரைக்கும் போவணும். அங்கதான் சார் அடியில பார் ஆரம்பிக்குது. அது வடக்கு முனை. எங்க அண்ணன் அங்கதான் இருக்கான்."

பேசப் பேச அவளுக்கே தெரியாமல் ஆபீஸ் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டிருந்தது. ஒரு கடலோடி வீட்டுப் பெண் தன் இடத்தை நாலு பேர் நடுவில் போட்டு உடைப்பதை அவர்களில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ரவிக்குமார் அவர்கள் முகங்களைப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு எந்த முத்திரையும் வேண்டியிருக்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்து ரோந்துப் படகை அந்த இடத்துக்குப் போகச் சொன்னார்.

பதிலைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கிளம்பிட்டாங்க. ஆனா வந்து சேர நேரமாகும். பக்கத்துல வேற படகு இருந்தா போகச் சொல்லலாம். பாருங்க, திரையே காலியா இருக்கு."

மோகனா குமாரவேலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மாமா, உங்க பையன் மதி கடலுக்குப் போயிருக்கானே, உங்க போட்டு எங்க இருக்கு?"

"அது... தெக்கால. கோவளத்தாண்ட."

"மாமா."

குமாரவேல் தரையைப் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். பிறகு, "அட எயவே!" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். நேராக வயர்லெஸ்ஸிடம் போய்த் தன் வீட்டு சானலுக்குத் திருப்பினார். அந்த நேரத்திலும், சானல் எண் யார் கண்ணிலும் படாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் திருப்பினார்!

"டேய் மதி! எங்க கீற?"

இரைச்சலுக்கு நடுவே மகன் குரல் வந்தது. "தெக்கால நைனா. கோவளத்தாண்ட."

"மெய்யச் சொல்றா பேமானி! பார் மேலதான கீற?"

அப்புறம் தயங்கித் தயங்கி, "நைனா, பக்கத்துல யார்னா கீறாங்களா?"

"எல்லாரும் கீறாங்க! ஊரே கீது! சொல்லித் தொலை!"

"பார் மேலதான் கீறேன். தெக்கு முனையில."

"வடக்கு முனையில வெற்றி போட்டு மாட்டிக்கினு கீது. வலைய அறுத்து உட்டுட்டுப் போ."

"வடக்கு முனையா? அவுங்க எதுக்கு நம்ம எடத்துக்கு..."

"நம்ம எடமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வலையப் பாக்காத, போடா!"

ஒரே பாறை. அதன் வடக்கு முனையை இவள் அப்பா கண்டுபிடித்தார், தெற்கு முனையை அவர் கண்டுபிடித்தார். ஒருவர் பின்னால் ஒருவர் வந்ததாக ஆயுசு முழுக்க ஏசிக்கொண்டார்கள். இரண்டு படகும் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, மழைத் திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஒன்றுக்கொன்று தெரியாமல் நின்றிருக்கின்றன. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. முபாஷிர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து குமாரவேலுக்குப் போட்டான். அவர் உட்காராமல் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே நின்றார். மோகனா அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. என்னவென்று சொல்வாள்? சிப்புக்குத் தெரிந்த பாஷையில் எல்லாம் எழுதத் தெரிந்த விரல்கள், ஒன்றும் செய்ய முடியாமல் துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டிருந்தன.

மழை விட்டுத் தூறலானபோது வயர்லெஸ் கரகரத்தது.

"நைனா, ரெண்டு பேரையும் ஏத்திக்கினோம். போட்டு போயிடுச்சு, பாதி முழுவிடுச்சு. ஆளுங்க நல்லா கீறாங்க."

மோகனா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ரவிக்குமார் ஒரு டம்ளர் சாயாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மதியின் படகு துறைமுகத்துக்குள் வந்தது. வெற்றியும், அவனோடு தொழிலுக்குப் போகும் எம்.கே.பி. நகர் பீம்ராவும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள். மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று மோதி அடியில் ஓட்டை விழுந்திருக்கிறது, வயர்லெஸ் நனைந்து ஊமையாகிவிட்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கி அமுக்கி வெற்றியின் கட்டைவிரலே வீங்கிப்போயிருந்தது. மோகனா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன் காதோரம் கேட்ட முதல் கேள்வி, "எடத்தச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணா. புகைபோக்கி, கோபுரம் எல்லாம்."

வெற்றி கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்ற குமாரவேல், "நானுந்தான்டா சொல்லிப்புட்டேன். விடு" என்று தன் மேல்துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. வெற்றி தலையைக் கொடுத்துக்கொண்டு சும்மா நின்றான்.

கொஞ்சம் சூடு ஏறிய பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அது இடத்தைச் சொன்னதற்கான கோபம் இல்லை.

"அவ்ளோ தபா அமுக்கினேன். ஏன் பொட்டி வேல செய்யல?"

மோகனா விவரத்தைச் சொன்னாள். ஒயரைப் பிடுங்கினால் சிப் திருடன் என்று நினைத்துக்கொள்ளும் என்றாள்.

"நைனா காலத்துலேர்ந்து எடத்துக்குப் போனா லைட்ட அணைப்போம், வயர்லெஸ்ஸ அணைப்போம். இத மட்டும் உட்டு வெப்போமா? ஊர்ல எவனக் கேட்டாலும் சொல்லுவான். நீ நம்ம வூட்டுப் பொண்ணுதான? உனக்குத் தோணலியா?"

அவளிடம் இருந்தது சொல்ல வெட்கமான பதில். "திருடனை மட்டும்தாண்ணா நினைச்சேன். உன்ன நினைக்கல."

வெற்றி அவள் தலையில் வீங்கிய கட்டைவிரலால் லேசாக ஒரு குட்டு வைத்தான். அது வலிக்கவில்லை, ஆனாலும் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

மறுநாளே உட்கார்ந்து டிரைவரைத் திருத்தினாள். பெட்டியில் கறுப்பாக இன்னொரு பொத்தான் வைக்கச் சொன்னாள். அதை அமுக்கினால் பெட்டி இடத்தைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே உயிரோடு இருக்கும், சிப்பும் விழித்திருக்கும். சிவப்பை அமுக்கினால் அந்த நொடியே முத்திரையோடு வாயைத் திறக்கும். அப்படியும் எவனாவது பழக்கதோஷத்தில் ஒயரைப் பிடுங்கினால், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தாக்குப் பிடிக்கும் நேரத்துக்குள் டிரைவர் சிப்பிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும். கம்பெனியில் முணுமுணுத்தார்கள். ரவிக்குமாரே வந்து உட்கார்ந்து பேசியபிறகு ஒத்துக்கொண்டார்கள்.

நிரல் எழுதுகிறவர்கள், பின்னால் வந்து படிப்பவருக்காக நடுநடுவே ஒரு குறிப்பு எழுதி வைப்பதுண்டு. கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும், மனிதர்களுக்கு மட்டும்தான் அது. பழைய டிரைவரில் அந்த இடத்தில், மின்சாரம் திடீரென்று போனால் தாக்குதல் என்று கொள்க, என்று ஒரு வரி இருந்தது. மோகனா அதை அழித்துவிட்டுத் தமிழிலேயே எழுதினாள்: "மின்சாரம் போனால் திருடன் என்று முடிவு கட்டாதே. அண்ணனாக இருக்கலாம்."

சரிபார்க்க வேண்டியவன் முபாஷிர். ஒவ்வொரு வரியிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவன். அந்த வரிக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டான்.